கொடும்பாளூர்ப் பூதி விக்கிரமகேசரி

புதுக்கோட்டை என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்திலே நமது தேசபக்தர்களிற் சிலர் முகஞ் சுளிப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். 1799-ம் வருஷத்தில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தொண்டைமானுடைய ஆட்களாற் பிடிபட்டுக் கும்பினியாரிடம் ஒப்புவிக்கப்பட்ட செய்தியைத் தமிழ்நாட்டில் அறியாதார் யாவர்? அதனை நாம் மறைக்கவும் போவதில்லை, மெழுகவும் போவதில்லை. ஆனால் ஒரு சீமையின் வயது அதன் அரண்மனையின் வயதன்று. தீரர் சத்தியமூர்த்தி பிறந்த திருமயம் அந்தச் சீமையைச் சேர்ந்ததுதான். தொண்டைமான்கள் அரசாளத் தொடங்கியது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில். 1948 மார்ச்சு 3-ந் தேதி அச்சமஸ்தானம் இந்திய யூனியனில் கலந்தது; 1974 ஜனவரி 14-ந் தேதி முதல் தனி ஜில்லாவாக விளங்கி வருகிறது. அவர்கள் வருவதற்கு ஏறக்குறைய எழுநூறு வருஷங்களுக்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்து, போர்க்களங்கள் பல கண்டு, உயிரோடு வீடு திரும்பி, மனைவியரும் மக்களுமாக இருந்து, சிவபக்தியிலே தமது பொருளைச் செலவிட்ட ஒரு வீரரைப் பற்றி இன்று எழுதப் புகுந்தோம். அவர் பெயர் பூதி விக்கிரமகேசரி. ஊர் கொடும்பாளூர். குலம் இருக்குவேள் என்னும் வேளிர் குலம்.

நேயர்களுக்கு இப்பெயர் புதியதன்று என்பதை அறிவோம். 1950-ம் வருஷம் முதல் 1954 வரையில் கல்கி அவர்கள் தமது பத்திரிகையில் எழுதிவந்த 'பொன்னியின் செல்வன்' என்னும் நவீனத்தில், கொடும்பாளூர்ப் பெரிய வேளார் என்று ஒரு கிழச்சிங்கம் வருகின்றாரே, அவர்தாம் இவர். வானதி என்னும் பெண்ணுக்குப் பெரிய தந்தை. 2022-ல் வெளிவந்த சினிமாவிலும் ஜனங்கள் அவரைக் கண்டனர். நவீனம் நவீனமே, அதனோடு நமக்கு வழக்கில்லை. அந்நூல் இல்லாவிடில் அவர் பெயரைச் சாஸன பண்டிதர் சிலரன்றி வேறொருவரும் உச்சரித்திருக்க மாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆயினும், கதாசிரியர் ஒருவர் நமக்காக ஆக்கித் தந்த மனிதர் வேறு. தம்மைப்பற்றித் தாமே கல்லிற் சொல்லி வைத்துவிட்டுப் போன மனிதர் வேறு. பின்னவர் முன்னவரைக் காட்டிலும் நமது மனத்தைக் கவர்ந்தார். அவரைப்பற்றியதே இவ்வியாசம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குப் போகும் பெருவழியில் சுமார் இருபத்தைந்து மைல் போனால், விராலிமலையைத் தாண்டியபின் கொடும்பாளூர் வரும். இன்று அது ஒரு சிறு கிராமம். முற்காலத்தில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடையே நின்ற வாயிற்கதவு அதுவே. உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியிலே கொடும்பை என்னும் இவ்வூர் நெடுங்குளத்தருகில் பாதை மூன்றாகப் பிரிவதாகச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை கூறுகிறது. கோவலனும் கண்ணகியும் செல்லவேண்டிய வழியை மறையவன் ஒருவன் விளக்குமிடம் அது. இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவிலே, பாதையின் மேலேயே குடியிருப்பவன் நிம்மதியாகத் தூங்க முடியாது. வடக்கிலிருந்து வரும் படையும் அவன் வயலை மிதிக்கும். தெற்கிலிருந்து வரும் படையும் அவன் வயலை மிதிக்கும். ஆகவே யாரேனும் ஒருவர் பக்கம் அவன் சேர்ந்தே தீரவேண்டும். இருக்குவேளிர் சோழர் பக்கம் சேர்ந்தனர். தலைமுறை தலைமுறையாகச் சோழருக்குச் சேனைத்தலைவர்களாயினர். பெண் கொடுத்தனர், பெண் கொண்டனர்.

இவ்வூரின் நடுவே மூவர்கோயில் என்னும் சிவாலயம் இருக்கிறது. மேற்கு நோக்கி ஒரே வரிசையில் மூன்று விமானங்கள் அடுத்தடுத்து எடுப்பிக்கப்பட்டன. அவற்றுள் நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதும் இன்றும் நிற்கின்றன. வடக்கிலுள்ளதற்கு அடித்தளம் மாத்திரமே மிச்சம். விமானம் ஒவ்வொன்றும் அடியில் இருபத்தோரடிச் சதுரம். சுற்றிலும் சிறு சந்நிதிகள் இருந்த அடையாளங்களும், திருமதில் ஓடிய தடமும், ஒரு கிணறும் உள்ளன. நடு விமானத்துச் சுவரில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்களாக வெட்டிய சாஸனம் ஒன்று இருக்கின்றது. அதுதான் நமது வீரருடைய சரித்திரம்.

நாம் வக்கீல் தொழிலிலே பழகியவராதலால், எந்தத் தஸ்தாவேஜைக் கண்டாலும் அதைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவதில்லை. இந்தச் சாஸனத்தையும் அப்படியே பார்ப்போம். இது ஒரு மனிதர் தமக்குத் தாமே எழுதுவித்துக்கொண்ட சாட்சியம். ஆகவே பெருமை சற்றே மிகுந்திருக்கும். ஆரம்பப் பகுதி சிதைந்து போயிற்று. எனவே வமிசத்தின் முதல்வர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தேதி கிடையாது, சக வருஷமும் இல்லை. இவற்றையெல்லாம் எதிர்க்கக்ஷி வக்கீல் எடுத்துக் காட்டுவார். காட்டட்டும். எஞ்சியிருப்பதைப் படிப்போம்.

பாண்டியனுடைய யானைப் படையைக் கைக்கொண்டவர் ஒருவர், அவருக்குப் பின் பரவீரஜித்து, மளவரை வென்ற வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத்து, இளமையிலே பாம்புகளிடையே வளர்ந்ததாகச் சொல்லப்படும் நிருபகேசரி, வாதாபியை வென்றவர் என்ற விருதுடைய பரதுர்க்கமர்த்தனர், அதிராஜமங்கலப் போரிலே சளுக்கியனைக் கொன்ற சமராபிராமர். இந்தச் சமராபிராமர் சோழ அரசன் ஒருவனுடைய மகளாகிய அனுபமை என்பாளை மணந்தார். இவ்விருவருக்கும் பிறந்த மகனே பூதி விக்கிரமகேசரி. பாட்டனார் வாதாபி சென்றவர், தந்தை சளுக்கியனை வென்றவர், தாய் சோழகுலத்தவள். இப்படிப்பட்ட வீட்டில் பிறக்கும் பிள்ளை வாள் பிடிக்காமல் வேறென்ன செய்யும்?

அவர் வாள் பிடித்ததைச் சாஸனம் மூன்றே செய்திகளில் முடித்துவிடுகிறது. பல்லவனது சேனையின் இரத்தத்தாற் காவிரி நீரைச் செந்நிறமாக்கினார் என்பது ஒன்று. வீரபாண்டியனைப் போரில் வென்றார் என்பது இரண்டாவது. வஞ்சிவேள் என்பானை அழித்தார் என்பது மூன்றாவது. யுத்தத்தைப்பற்றி அவ்வளவுதான். எத்தனை யானை, எத்தனை குதிரை, எத்தனை தலை என்ற கணக்கெல்லாம் இல்லை. இருபது போர் செய்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டு போர் செய்தவர்களையும், ஒரு நாள் சிறையிருந்துவிட்டு ஒரு வருஷத்துக் கதை சொல்லுபவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய வாய்மொழிக்கு முன் இந்தச் சுருக்கம் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இந்த மூன்று போர்களும் எப்போது நடந்தன என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய விவகாரம் உண்டு. வீரபாண்டியனை வென்றது இரண்டாம் பராந்தகனாகிய சுந்தரசோழன் காலத்து நிகழ்ச்சி. ஆதலின் பூதி விக்கிரமகேசரி பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தவர் என்பது நீலகண்ட சாஸ்திரியார் முதலியோர் கக்ஷி. கல்கியின் நவீனமும் இக்கொள்கையின் மேலேயே நிற்கிறது. பல்லவ சேனையைக் காவிரிக் கரையில் வெல்லவேண்டுமானால் பல்லவர் என்று ஒருவர் இருந்தாகவேண்டுமே! அவர்கள் அரசு முதலாம் ஆதித்தசோழன் காலத்தோடு முடிந்துவிட்டதே! ஆகவே ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேதான் இவர் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது எஸ். ஆர். பாலசுப்ரமணியம் போன்றோர் கக்ஷி. இரு கக்ஷியாரும் காட்டும் ருஜுக்கள் வலிமையுடையன. கோயிலின் சிற்ப முறையைப் பார்த்தவர்களுக்குள்ளும் இதே பிளவு உண்டு. நாம் இங்கே தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. நமது விஷயத்துக்கு அது அவசியமுமன்று. ஐம்பது அறுபது வருஷம் முந்தினாலும் பிந்தினாலும் மனிதர் ஒருவரே.

ஆனால் வேறொன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பல்லவன், பாண்டியன், வஞ்சிவேள் ஆகிய பகைவர் மூவரும் யார்? காஞ்சியும் மதுரையும் அயல்நாடுகளா? காவிரியிலே கலந்த இரத்தம் யாருடையது? ஏர் பிடித்த கையோடு வேல் பிடிக்கும்படி இழுத்துவரப்பட்ட உழவர்களுடையது. அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அன்னியன் நம்மை ஆண்டதற்குக் காரணம் நமது ஒற்றுமையின்மையே என்று மேடைதோறும் முழங்கும் நாம், அந்த ஒற்றுமையின்மையைப் பண்டைய வீரமென்று பாராட்டி மெய்ம்மறந்து போவது முறையன்று. பூதி விக்கிரமகேசரி சிறந்த வீரர். அவர் வெட்டியவர்கள் நம்மவர்கள். இரண்டும் உண்மையே.

இதனை மனத்தில் வைத்துக்கொண்டு சாஸனத்தின் பிற்பகுதியைப் படிக்கவேண்டும். அவருக்கு மனைவியர் இருவர். ஒருத்தி பெயர் கற்றளி, மற்றொருத்தி பெயர் வரகுணை. கற்றளி என்னுஞ் சொல்லுக்கே கல்லாலாகிய கோயில் என்பது பொருள். அந்தக் கற்றளியிடம் பராந்தகன், ஆதித்தவர்மன் என்னும் இரண்டு குமாரர்கள் பிறந்தார்கள். பராந்தகன், ஆதித்தன் என்னும் இரண்டும் சோழ சக்கரவர்த்திகளின் பெயர்கள். தகப்பனார் யாருக்காகப் போர் செய்தார் என்பதைச் சாஸனத்தில் தேடவேண்டியதில்லை. பிள்ளைகளின் பெயரைக் கேட்டால் போதும். காந்தி என்றும் ஜவஹர் என்றும் சுபாஷ் என்றும் நமது காலத்துத் தகப்பன்மார் பெயரிட்டார்களல்லவா? அதே வழக்கந்தான்.

போரில் தேடிய பொருளைக்கொண்டு அவர் மூன்று விமானங்கள் எடுப்பித்தார் என்று சாஸனம் கூறுகிறது. தம் பெயரால் ஒன்று. மனைவியர் இருவர் பெயரால் இரண்டு. இங்கே நேயர்கள் சிறிது நிற்கவேண்டும். அரசர்கள் தமது பெயரால் கோயில் கட்டியது கணக்கற்ற செய்தி. தாய்க்காகவும் தமக்கைக்காகவும் கட்டியதும் உண்டு. இறந்த தலைவனுக்குப் பள்ளிப்படை எடுத்ததும் உண்டு. ஆனால், தமது பெயருடைய விமானத்துக்கு வலத்திலும் இடத்திலும், அதே அளவில், அதே உயரத்தில், அதே வேலைப்பாட்டில் இரண்டு மனைவியர் பெயராலும் விமானங்கள் எழுப்பிய மனிதரை நாம் வேறெங்கும் எளிதிற் காண்பதற்கில்லை. தமது கோயிலைப் பெரிதாக்கி மற்றிரண்டையும் சந்நிதிகளாக ஒதுக்கியிருந்தால் கேட்பார் யார்? இரண்டு மனைவியரை மணந்ததை இக்காலத்துச் சட்டமும் ஒப்பாது, நாமும் ஒப்பமாட்டோம். அது அக்கால வழக்கு. அவ்வழக்கினுள்ளே நின்று ஒருவர் தம் வீட்டாருக்குச் சம அந்தஸ்துக் கொடுத்ததைத்தான் சொல்லுகிறோம். விமானத்தின் சுவர்களில் உள்ள மூர்த்தங்களுள் அர்த்தநாரியும் ஒன்று. யானையை உரித்த கஜஸம்ஹாரமூர்த்தியும் ஒன்று. இல்லறத்தானுக்கும் போர்வீரனுக்கும் வேறென்ன தெய்வம் வேண்டும்?

அக்குலத்துப் பெண்கள் வெறும் பெயர்களாக இருந்தவர்களுமல்லர். கொடும்பாளூர் வீட்டுப் பெண்ணாகிய பூதி ஆதித்த பிடாரி என்பாள், முதலாம் பராந்தகசோழனுடைய மகன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்டவள், காவிரியின் தென்கரையிலே திருச்செந்துறைக் கோயிலைக் கல்லாற் கட்டுவித்தாள். கோயில் கட்டுவது அக்குடும்பத்தாருக்கு ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுத் தொழிலாயிருந்தது போலும்.

கோயிலோடு அவர் நிற்கவில்லை. ஒரு பெரிய மடம் கட்டி அதனை மல்லிகார்ஜுனர் என்னும் துறவியாருக்குக் கொடுத்தார்; அசிதவக்த்ரர் ஐம்பது பேருக்கு அங்கே அன்னமிடுவதற்காகப் பதினொரு கிராமங்களை எழுதி வைத்தார். அசிதவக்த்ரர் என்பது கருமுகத்தினர், அதாவது காளாமுகர் என்னும் சைவத் துறவிகள். மல்லிகார்ஜுனர் ஆத்திரேய கோத்திரத்தவர். வித்யாராசி, தபோராசி என்பவர்களுடைய சிஷ்யர். பிறந்த ஊர் எது என்பதையும் சாஸனம் மறவாமல் குறிக்கின்றது. அது மதுரை.

மதுரை! வீரபாண்டியனை வென்ற கை, பாண்டியனுடைய தலைநகரில் பிறந்த ஒருவருடைய கையிலே தமது செல்வத்தின் பெரும் பகுதியை வைத்தது. பகைவனின் ஊரான் என்று அவர் எண்ணவில்லை. ஒற்றனோ என்று சந்தேகிக்கவில்லை. யுத்தம் முடிந்து எத்தனை வருஷங்களாகியும் எதிரி நாட்டானுடைய பாஷையையும் பாட்டையுங்கூட வெறுக்கும் ஜனங்களை இருபதாம் நூற்றாண்டு இருமுறை பார்த்துவிட்டது. பிறப்பிடத்தை மறைத்து எழுதியிருக்கலாம், எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதி வைத்ததே கவனிக்கத் தக்கது. கொடும்பாளூர்க் கல்லில் நாம் மிகவும் விரும்பிப் படித்த வார்த்தை காவிரியும் அன்று, இரத்தமும் அன்று. மதுரை என்னும் அந்த ஒரு வார்த்தையே.

காளாமுகர் என்றதும் சிலர் அஞ்சுவார்கள். யாமுனாசாரியரும் இராமானுஜாசாரியரும் தமது நூல்களிலே இவர்களைக் கண்டித்திருக்கிறார்கள். மண்டையோட்டில் உண்பவர், பிணச்சாம்பல் பூசுபவர் என்றெல்லாம் கூறியிருக்கிறார்கள். ஆசாரியர்களிடம் நமக்குள்ள பக்தி குறைவதன்று. ஆயினும் எதிர்க்கக்ஷியாரின் மனுவைமட்டும் படித்துத் தீர்ப்பளிக்கும் நியாயாதிபதி உலகத்தில் உண்டோ? கன்னட நாட்டுச் சாஸனங்கள் வேறு விதமாகச் சொல்லுகின்றன. ஷிமோகா ஜில்லாவிலுள்ள பள்ளிகாவி என்னும் ஊரில் காளாமுகருடைய கோடிய மடம் என ஒன்று இருந்தது. 1162-ம் வருஷத்துச் சாஸனம் அதனை வருணிக்கின்றது: வேதமும் வியாகரணமும் தர்க்கமும் கற்பிக்கும் இடம், குருடர், செவிடர், முடவர், ஏழைகள் அனைவருக்கும் சோறு கிடைக்கும் இடம், நோயாளிகளுக்கு வைத்தியம் நடக்கும் இடம். இவ்விரண்டு சித்திரங்களையும் ஒப்பிட்டு, டேவிட் லாரன்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் 1972-ல் ஒரு நூலே எழுதினார். காளாமுகர் கல்வியிற் சிறந்த சமூகத்தார் என்பதே அவர் கண்ட முடிவு. நமது நாட்டிலும் திருவொற்றியூரிலும் மேற்பாடியிலும் இவர்களுடைய மடங்கள் இருந்தன. கொடும்பாளூர் மடத்திலும் ஐம்பது இலைகள் வெறும் சோம்பேறிகளுக்காக விழுந்திருக்குமென்று நாம் நம்பவில்லை.

அவ்வூருக்கு அன்னதானம் புதிதுமன்று. அறுபத்துமூவருள் ஒருவராகிய இடங்கழி நாயனார் கொடும்பாளூரில் அரசாண்டவர். அடியார்க்கு அமுதிட நெல் இல்லாமற் போகவே, ஒரு தொண்டர் இரவில் அரசருடைய களஞ்சியத்தில் புகுந்து நெல் எடுத்தார். காவலர் பிடித்து வந்து நிறுத்தினார்கள். காரணத்தைக் கேட்ட அரசர், தண்டிப்பதற்குப் பதிலாக, களஞ்சியத்தையும் பொக்கிஷத்தையும் அடியார்கள் எடுத்துக்கொள்ளும்படி பறையறைவித்தார். இக்கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் பிறந்தவர் பதினொரு கிராமங்களை எழுதி வைத்தது ஆச்சரியமன்று. அப்பதினொரு கிராமத்துக் குடியானவர்களும் அரசிறையை மடத்துக்கு அளக்கவேண்டியதாயிற்று என்பதையும் குறித்துவிட்டு மேலே செல்லுவோம்; தானம் செய்தவர் பெயர் கல்லில் ஏறும், நெல் விளைவித்தவன் பெயர் ஏறாது.

போர் முடிந்து திரும்பிய வீரர்கள் மீந்த வாழ்நாளை என்ன செய்தார்கள் என்பது நமது இலக்கியங்களில் அதிகமாகப் பேசப்படாத விஷயம். மடிந்தவனைப்பற்றி வேண்டுமளவு பேசியிருக்கிறோம். அவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியமே விதிக்கின்றது. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழ்ப் பிராமி எழுத்தோடு கூடிய வீரக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. இதே ஜில்லாவில் எவனோ ஓர் எளிய வீரனுக்காகச் சுற்றத்தார் நட்டது. சாகாமல் வந்தவனுக்குக் கல் யார் நடுவார்? அவன் காயங்களை ஆற்றிக்கொண்டு, மாட்டைக் கட்டி உழுதுகொண்டு, பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, ஒரு நாள் திண்ணையிலேயே கண் மூடுவான்.

இவ்வகையார் நமது சரித்திரத்தில் இருவர் நன்றாகத் தெரிகிறார்கள். பெரியபுராணம் கூறும் பரஞ்சோதியார் ஒருவர். வாதாபி சென்று அந்நகரை அழித்து யானைகளையும் மணிகளையும் கொண்டுவந்தவர். அவ்வெற்றியை 642-ம் வருஷத்தில் முதலாம் நரசிம்ம பல்லவன் பெற்ற வெற்றியே என்று சரித்திரக்காரர் கொள்ளுவர். நமது பூதியாரின் பாட்டனார் வாதாபியை வென்றதும் இதே போரில்தான் என்று ஊகித்தவர்கள் உண்டு. பரஞ்சோதியார் சிவபக்தர் என்பதை அரசன் பின்னரே அறிந்து, இப்படிப்பட்டவரைப் போர்முனைக்கு அனுப்பினோமே என்று வருந்தி, நிதியும் கொடுத்து விடை கொடுத்தான். அவர் திருச்செங்காட்டங்குடிக்கு வந்து, திருவெண்காட்டு நங்கையோடு இல்லறம் நடத்தி, நாள்தோறும் அடியாரை உண்பித்துச் சிறுத்தொண்டரானார். அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததையும் சீராளனையும் நேயர்கள் அறிவார்கள். அதை இங்கே எழுத நமக்குக் கை வரவில்லை.

மற்றொருவர் திருவொற்றியூர்ச் சதுரானன பண்டிதர். கேரளத்தில் பிறந்து, சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கு உயிர்த் தோழராகவும் சேனைத் தலைவராகவும் இருந்தவர். 949-ம் வருஷத்தில் தக்கோலப் போரிலே இராஜாதித்தன் யானைமேலேயே மாண்டபோது இவர் பக்கத்தில் இல்லை. உடன் சாகவில்லையே என்னும் துக்கம் அவரைத் துளைத்தது. கங்கையில் நீராடி, துறவு பூண்டு, திருவொற்றியூரில் நிரஞ்சனகுருவின் சிஷ்யராகி, மடாதிபதியாகி, எஞ்சிய காலத்தைக் கழித்தார். அவருடைய சாஸனமும் வடமொழியிலேதான் இருக்கிறது.

சதுரானனர் வீட்டை விட்டார். பூதியார் வீட்டை விடவில்லை. துறவைப் பெரிதென்று போற்றும் தேசத்தில் இதைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை: கொடும்பாளூராருடைய வழியே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. துறவிகளுக்குச் சோறு போட்டார். ஆனால் தாம் துறவியாகவில்லை. இரத்தத்தைக் கழுவுவதற்காக மனைவி மக்களைக் கைவிடவேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. அவர்களைக் கோயிலுக்குள்ளேயே அழைத்துக்கொண்டார்.

அக்குடும்பத்துக்கு யுத்தம் அதோடு தீரவுமில்லை. பராந்தகன் சிறியவேளார் என்னும் கொடும்பாளூர் வீரர் சுந்தரசோழனுடைய சேனையோடு கடல் கடந்து ஈழத்துக்குச் சென்று அங்கேயே மடிந்தார் என்று சாஸனம் கூறுகிறது. பெரிய வேளாருக்கு இவர் தம்பி என்று கல்கி கொண்டார். உறவு எதுவாயினும், ஒருவர் வீடு திரும்பினார், ஒருவர் திரும்பவில்லை.

நமது காலத்துக்கும் இது அன்னியமான செய்தியன்று. 1914-ம் வருஷத்து மகா யுத்தத்துக்குச் சென்றவர்களின் தொகையும் மடிந்தவர்களின் தொகையும் பொறித்த கற்பலகைகள் நமது கிராமங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கின்றன. திரும்பியவர்கள் என்னவானார்கள் என்று அக்கல்லைக் கேட்டால் அது பேசாது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசீய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் ஏராளமாக அதிற் சேர்ந்தனர். யுத்தம் முடிந்தது, தேசமும் விடுதலை பெற்றது. சுதந்தர இந்தியாவின் ராணுவத்தில் அவ்வீரர்கள் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. தியாகிகளுக்கென்று மத்திய சர்க்கார் பென்ஷன் திட்டம் ஏற்படுத்தியது 1972-ல். அதற்குள் இருபத்தைந்து வருஷங்கள் ஓடிவிட்டன. எத்தனையோ பேர் ஓடிவிட்டார்கள். அவர்களும் சாமி கும்பிட்டார்கள். பிள்ளை குட்டிகளை வளர்த்தார்கள். கல்லில் எழுதிவைக்க அவர்களிடம் பதினொரு கிராமங்கள் இல்லை. இதைப் படிக்கும் ஊழியர்கள் தத்தம் ஊரில் அப்படிப்பட்ட வீடு எது என்று விசாரித்து, அவ்வீட்டாருக்கு நினைவுள்ளதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொள்ளுவார்களானால், சாஸன பண்டிதர்களுக்குப் பிற்காலத்தில் தொல்லை குறையும்.

இனிக் கோயிலைப்பற்றி ஒரு வார்த்தை. புதுக்கோட்டைத் தர்பாரை ஆரம்பத்திலே குறை கூறினோம். நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுவோம். மற்றச் சமஸ்தானங்கள் வேட்டைக்கும் விருந்துக்கும் பணத்தை இறைத்த காலத்தில், இச்சமஸ்தானத்தார் தமது எல்லைக்குட்பட்ட கல்வெட்டுக்களையெல்லாம் படியெடுத்து 1929-ல் ஒரு பெரும் புஸ்தகமாக அச்சிட்டார்கள். 1910-லேயே ஒரு காட்சிசாலை ஏற்படுத்தினார்கள். ஸ்ரீமான் கே. ஆர். வேங்கடராமையர் தொகுத்த சமஸ்தான மான்யுவல் இன்றும் ஆராய்ச்சியாளருக்குக் கைவிளக்காக இருக்கின்றது. இப்பொழுது மூவர்கோயில் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ளது. புல் வெட்டிச் சுத்தமாகவே வைத்திருக்கிறார்கள்.

நாம் சென்றிருந்த அன்று பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து நேராக விமானங்களின்மேல் விழுந்துகொண்டிருந்தது. விராலிமலைப் பக்கத்து மயில்கள் இரண்டு மதிலோரத்தில் நடந்தன. சினிமாவைப் பார்த்துவிட்டு வந்த வாலிபர்கள் நாலைந்து பேர் தெற்கு விமானத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பெரிய வேளார் எங்கே இருந்தார்?" என்று அவர்களில் ஒருவர் நம்மைக் கேட்டார். நடு விமானத்துச் சுவரிலுள்ள எழுத்தைக் காட்டினோம். அவர் அருகே போய், படிக்கத் தெரியாத அந்தக் கிரந்த எழுத்துக்களின்மேல் விரலை வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார். பிறகு வடபுறத்திலுள்ள வெறும் அடித்தளத்துக்குச் சென்று, அங்கே என்ன இருந்தது என்று கேட்டார். மூன்றாவது கோயில் என்றோம். யாருடையது என்றார். அவர் வீட்டாருடையது என்றோம்.